சாப்பாட்டு மேசைக்கு இடம் உண்டா? குறைந்த செலவில் உணவுக்கூடத்தைச் சீரமைக்கும் வழிகள்

பத்து காஜாவுக்கு வெளியூர் உறவினர் வந்தால் உள்ளூர்க்காரர்கள் முதலில் அழைத்துச் செல்லும் இடம் கெல்லி கோட்டைதான். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய மாளிகை அது. சென்னை மாகாணத்திலிருந்து 70 கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டார்கள். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தன. மின்தூக்கி வைக்கவும் துரை திட்டமிட்டிருந்தார். 1926 டிசம்பரில் அவர் லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு இறந்தார். மாளிகை வேலை அத்தோடு நின்றது. இன்று சுற்றுப்பயணிகள் அதன் வெறும் செங்கற்சுவர்களுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தத் துரையின் கிந்தா கெல்லாஸ் தோட்டத்திலும், சுற்றியிருந்த மற்றத் தோட்டங்களிலும் பால்மரம் வெட்டிய நம்மவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பத்து காஜா, பூசிங், கோப்பெங் பக்கங்களில் உள்ள தாமான்களில் வசிக்கிறார்கள். வீட்டு அலங்காரம் பற்றித் தொலைக்காட்சி அரங்கங்களில் பேசப்படும்போது காட்டப்படும் படங்கள் பெரும்பாலும் கோலாலம்பூர் பங்களாக்களுடையவை. கண்ணாடி மேசை, தொங்கும் படிக விளக்கு, எட்டு நாற்காலி. பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் பத்து காஜா மலிவு விலை வீட்டில் இருக்கும் குடும்ப மாது மனத்துக்குள் கேட்கும் கேள்வி வேறு: "இதெல்லாம் சரி, என் வீட்டில் எங்கே போடுவது?"

கேள்வி நியாயமானது. பதில் சொல்ல, அந்த வீடு எப்படி உருவானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

லயத்திலிருந்து தாமானுக்கு

தோட்டத்து லயத்தில் சாப்பாட்டு அறை என்று ஒன்று கிடையாது. முன்னால் அஞ்சடி, நடுவில் ஓர் அறை, பின்னால் குசினி. அப்பா அஞ்சடியில் உட்கார்ந்து சாப்பிடுவார். பிள்ளைகள் குசினியில் பாய் விரித்து வட்டமாக உட்காருவார்கள். மங்கில் சோறு, நடுவில் குழம்புச் சட்டி. அதில் ஒரு ஒழுங்கு இருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டார்கள், ஏனென்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் வேலைக்குப் போனார்கள்.

பிறகு ரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது. தோட்ட நிலங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகின. லயங்கள் காலியாகின. குடும்பங்கள் மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. 25,000 வெள்ளி என்று இருந்த மலிவு விலை வீட்டின் உச்ச விலை 1998-இல் நிலத்தின் மதிப்புக்கு ஏற்ப 25,000 முதல் 42,000 வெள்ளி வரை என்று மாற்றப்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த கட்டுமானத் தர நெறிகள், மலிவு விலைத் தொடர்வீட்டுக்குக் குறைந்தது 60 சதுர மீட்டர், அடுக்குமாடி வீட்டுக்கு 63 சதுர மீட்டர், மூன்று படுக்கையறை என்று வரையறுத்தன. 60 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 646 சதுர அடி. அதற்கு முன் கட்டப்பட்ட வீடுகள் பல 600 சதுர அடியைக்கூடத் தொடவில்லை.

மூன்று அறை, ஒரு குளியலறை, ஒரு குசினி, ஒரு வரவேற்புக் கூடம் எல்லாம் போக, சாப்பாட்டுக்கு மிஞ்சுவது கூடத்துக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு துண்டு இடம். எட்டடிக்கு ஒன்பதடி இருந்தால் அதிர்ஷ்டம். அந்த இடமும் சும்மா இருப்பதில்லை. அரிசி மூட்டை, எரிவாயுத் தோம்பு, மோட்டார் சைக்கிள் தலைக்கவசம், இஸ்திரி போடாத துணிக் குவியல், போன தீபாவளிக்கு வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கு. விளைவு என்ன? பிள்ளை தட்டோடு தொலைக்காட்சிக்கு முன்னால் போய்விடுகிறான். அப்பா வேலை முடிந்து பத்து மணிக்குத் தனியாகச் சாப்பிடுகிறார். முட்டி வலியால் கீழே உட்கார முடியாத பாட்டி கட்டில் ஓரத்தில் தட்டை மடியில் வைத்துக்கொள்கிறார்.

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் சுமார் 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. மற்ற இனங்களைவிட இது அதிகம். மேசை வாங்கினால் நீரிழிவு குறைந்துவிடும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் யார் எவ்வளவு சாப்பிடுகிறார், பாட்டி மாத்திரை போட்டாரா என்பதையெல்லாம் குடும்பம் கண்ணால் பார்க்கும் இடம் சாப்பிடும் இடம்தான். உணவுக்கூடத்தைச் சீர்செய்வதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

தவணை என்னும் பொறி

பலர் செய்வது என்ன? தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது தளவாடக் கடைக்குள் நுழைகிறார்கள். ஆறு நாற்காலியுடன் பளபளக்கும் மேசை. விலை 2,400 வெள்ளி. "முன்பணம் வேண்டாம், மாதம் 87 வெள்ளிதான்" என்கிறார் விற்பனையாளர். 87 வெள்ளி பெரிதாகத் தெரிவதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டி, மூன்று ஆண்டு. வட்டி முழு அசலுக்கும் கணக்கிடப்படுகிறது என்றால், ஆண்டுக்கு 240 வெள்ளி, மூன்றாண்டுக்கு 720. மொத்தம் 3,120 வெள்ளி. அதை 36 மாதத்தால் வகுத்தால் மாதம் 86 வெள்ளி 67 சென். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு மாதமும் அசலில் ஒரு பகுதியைக் கட்டிக்கொண்டே வருகிறோம். ஆனால் வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முதல் நாள் கடன் தொகைக்கே கணக்கிடப்படுகிறது. குறைந்துவரும் கடனுக்கு எவ்வளவு வட்டி என்று பார்த்தால் அது 10 விழுக்காடு இல்லை, ஏறக்குறைய 18 விழுக்காடு. கடைக்காரர் 10 என்று சொல்வது பொய் இல்லை, கணக்கு முறை அப்படி. கேட்க வேண்டிய கேள்வி இரண்டே: "ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை? தவணையில் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும்?" இரண்டு எண்களையும் ரசீதின் பின்பக்கத்தில் எழுதித் தரச் சொன்னால் பேச்சே மாறிவிடும்.

வாங்கிய பொருள் பழுதாக வந்து கடைக்காரர் கைவிரித்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது அது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. 2019 முதல் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. நம்மவர்களில் பலருக்கு இது தெரிவதே இல்லை. ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பவருக்குத்தான் அந்த 5 வெள்ளி பயன்படும்.

முதலில் அளவு நாடா

கடைக்குப் போவதற்கு முன் வீட்டை அளக்க வேண்டும். கடையின் பெரிய கூடத்தில் சிறியதாகத் தெரியும் மேசை, வீட்டுக்கு வந்ததும் யானைக்குட்டி போல் நின்றுவிடும்.

ஒருவர் இடிபடாமல் சாப்பிட மேசை விளிம்பில் இரண்டடி வேண்டும். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்திருக்க, மேசை விளிம்புக்கும் சுவருக்கும் இடையில் குறைந்தது இரண்டரை அடி. அவருக்குப் பின்னால் இன்னொருவர் குழம்புச் சட்டியோடு நடந்து போக வேண்டுமானால் மூன்றடியாவது தேவை. எட்டடிக்கு ஒன்பதடி இடத்தில், நான்கடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்ட நால்வர் மேசையை நடுவில் போட்டால் இரு பக்கமும் இரண்டே முக்கால் அடி மிஞ்சும். உட்காரலாம், எழலாம். அதே இடத்தில் ஐந்தடிக்கு மூன்றடி அளவுள்ள அறுவர் மேசையைப் போட்டால் பக்கவாட்டில் இரண்டரை அடி, தலைமாட்டில் இரண்டடி. தலைமாட்டில் உட்கார்பவர் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆறு பேர் உள்ள குடும்பம் என்ன செய்வது? பெஞ்சுதான் வழி. மேசையின் ஒரு பக்கத்தைச் சுவர்ப் பக்கம் நகர்த்தி, சுவரோடு ஒட்டிப் பதினைந்து அங்குல அகலத்தில் பலகைப் பெஞ்சு போட்டால் அந்தப் பக்கம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும் இடம் மிச்சம். நான்கடிப் பெஞ்சில் இரண்டு பெரியவர் அல்லது மூன்று பிள்ளைகள் உட்காரலாம். பெஞ்சின் அடியைப் பெட்டியாக அடித்துவிட்டால் அரிசி மூட்டையும் வெங்காயக் கூடையும் உள்ளே போய்விடும். ஊரில் உள்ள தச்சரிடம் அளவைக் கொடுத்தால் ஒரு வாரத்தில் செய்து தருவார். கடையில் இதற்கு ஈடான பொருளைத் தேடினாலும் கிடைக்காது.

உயரத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. மேசை 29 அல்லது 30 அங்குலம், உட்காரும் பலகை 18 அங்குலம். இரண்டுக்கும் நடுவில் 11, 12 அங்குலம் இருந்தால் கை இயல்பாக இலைக்குப் போகும். முட்டி வலியுள்ள பெரியவருக்குக் கைப்பிடி உள்ள நாற்காலி ஒன்று கட்டாயம். அது மற்ற நாற்காலிகளோடு பொருந்தாவிட்டால் என்ன? பொருத்தம் பார்ப்பது கடைக்காரர் வேலை, பாட்டி எழுந்து நிற்பது வீட்டு வேலை.

இடம் ஏழடிக்கும் குறைவு என்றால் மேசையே வேண்டாம் என்று முடிவெடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. நல்ல பாய், பெரியவருக்கு ஒரு நாற்காலியும் சிறு மேசையும், சுவரில் மடக்கி வைக்கும் பலகை. தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்ட சமுதாயம் நாம்.

பால் கொடுத்த மரம், மேசையாகத் திரும்பி வந்த கதை

மலேசியக் கடைகளில் உள்ள மர மேசைகளில் பெரும்பகுதி எந்த மரத்தில் செய்தவை தெரியுமா? நம் தாத்தாவும் பாட்டியும் விடியற்காலையில் காண்டா விளக்கோடு போய் வெட்டிய அதே பால்மரம்தான்.

1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் கன்றுகளில் 9 கன்றுகள் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அன்று தொடங்கிய பயிர் கிந்தாப் பள்ளத்தாக்கு எங்கும் பரவியது. ஒரு ரப்பர் மரம் 25, 30 ஆண்டு பால் கொடுக்கும். பிறகு வெட்டி வீழ்த்தி மறுநடவு செய்வார்கள். வீழ்த்திய மரம் வெகுகாலம் விறகுதான். ரப்பர் துண்டுகளைப் புகைபோடும் கொட்டகைக்கும் செங்கற்சூளைக்கும் போனது. 1960-களின் பிற்பகுதியில் பிறை நகரில் இயங்கத் தொடங்கிய மலாயாவாத்தா இரும்பாலை, நிலக்கரிக்குப் பதில் ரப்பர் மரக்கரியைத் தன் உலையில் எரித்தது. தளவாடம் செய்யலாம் என்று யாரும் நினைக்கவில்லை. காரணம், அந்த மரத்தில் மாவுச்சத்து மிகுதி. அறுத்த சில நாளில் நீலப்பூசணம் பிடிக்கும், துளைக்கும் வண்டு விழும், உளுத்துப்போகும்.

இந்தக் குறைக்கு வழி கண்டது ஆராய்ச்சி. அறுத்த பலகையை உடனுக்குடன் இரும்புத் தொட்டியில் அடைத்து, அழுத்தத்தில் போரான் உப்புக் கரைசலை மரத்துக்குள் ஏற்றி, பிறகு சூடேற்றிய அறையில் உலர்த்தும் முறை வந்தது. கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகம் இந்த மரத்தைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறது. 1980-களில் ரப்பர் மரத் தளவாடம் பெரிய ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஜொகூரின் மூவார் நகரம் அதற்குப் பெயர்பெற்றது. வெளிநாட்டில் சாப்பாட்டு மேசையாக விற்பனையாகும் மரத்தை ஒரு காலத்தில் அடுப்பில் வைத்து எரித்தோம்.

இது வெறும் கதை இல்லை, மேசை வாங்குவதற்கும் பயன்படும் செய்தி. ரப்பர் மரம் பழுதில்லாமல் கிடைக்கும் நீளம் குறைவு. அதனால் சிறு துண்டுகளைப் பல்லும் பல்லும் கோத்ததுபோல் இணைத்து, பக்கவாட்டில் ஒட்டி அகலப் பலகை ஆக்குகிறார்கள். மேசைப் பலகையில் விரல்கோத்ததுபோல் கோடுகள் தெரிந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், அதுதான் அதன் இயல்பு. பார்க்க வேண்டியது மேசையின் அடிப்பக்கத்தை. குனிந்து பார்க்க வெட்கப்படக் கூடாது. அடிப்பலகையில் நீலக்கறுப்புத் திட்டு இருந்தால் மரம் பதப்படுத்தத் தாமதமானது. குண்டூசித் துளைகளும் அதன் கீழே மாவுபோன்ற தூளும் இருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். காலைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். காலும் சட்டமும் சேரும் மூலையில் இரும்புத் தகடும் திருகும் இருந்தால் ஆடினாலும் முடுக்கிக்கொள்ளலாம். வெறும் பசையும் ஆணியும் என்றால் ஆட்டம் நிற்காது.

ரப்பர் மரம் போலவே காட்சி தரும் இன்னொன்று இருக்கிறது: மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகை, மேலே படம் போட்ட தாள். விலை மலிவு. ஆனால் நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை தோறும் வாளித் தண்ணீரை ஊற்றித் தரையைக் கழுவும் பழக்கம் உண்டு. இரண்டு மாதத்தில் அந்தப் பலகையின் கால்கள் ஊறி உப்பிவிடும். அசல் ரப்பர் மரத்துக்கும் ஈரம் ஆகாதுதான். கால்களுக்கு அடியில் ரப்பர் குப்பி மாட்டிவிட்டால் போதும், சில காசு செலவு. ரப்பர் மரத்துக்கு ரப்பர் செருப்பு!

பழையதை வாங்கிப் புதுப்பிப்பது

கையில் பணம் குறைவு என்றால் புதிய மலிவுப் பலகையைவிடப் பழைய அசல் மரம் மேல். ஈப்போவில் ஞாயிறு காலையில் கூடும் பசார் காராட் சந்தையில் பழைய மேசை, நாற்காலி, சில சமயம் பழைய காப்பிக்கடைப் பளிங்கு மேசைகூடக் கண்ணில் படும். வீடு மாறிப் போகிறவர்கள் விற்கும் மேசைகளை அக்கம்பக்கத்தில் விசாரித்தாலும் கிடைக்கும். ஏற்றிவரும் லாரிக் கூலியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மேசையைவிட லாரிக் கூலி அதிகமாகிவிடக் கூடாது.

பழைய மேசையைப் புதுப்பிக்க இரண்டு நாள் போதும். வெளியில், காற்றோட்டமான இடத்தில் வைத்து 120 எண் உப்புத்தாளால் மரத்தின் ரேகைப் போக்கிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் நிற்கும். பிறகு 240 எண் தாள். தூளை ஈரத்துணியால் துடைத்து, நன்கு காய்ந்த பின் வார்னிஷ் மெல்லியதாக மூன்று பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் காய விட்டு லேசாகத் தேய்க்க வேண்டும். ஒரே பூச்சாகத் தடிமனாகப் பூசினால் வேர்வை பிடித்ததுபோல் ஒட்டிக்கொண்டே இருக்கும். முகமூடி அணிவது அவசியம். மிகப் பழைய பளபளப்புச் சாயம் பூசிய மேசை என்றால் அதில் ஈயம் கலந்திருக்கலாம், உலர்வாகத் தேய்க்கவே கூடாது. அப்படிப்பட்டதை வாங்காமல் விடுவதே நல்லது.

சுவர், ஈரம், சாயம்

சாயக் கடைக்குப் போவதற்கு முன் சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பத்து காஜா, தஞ்சோங் துவாலாங் வட்டாரம் ஈயம் தோண்டிய மண். 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை ஓடிய ஐந்தாம் எண் ஈயக்கப்பல் இன்றும் அங்கே காட்சிக்கு நிற்கிறது. ஈயக்குட்டை நிரப்பிய நிலத்தில் எழுந்த வீடுகளில் தரை இறங்கி விரிசல் விடலாம், சுவரின் அடிப்பகுதியில் ஈரம் ஏறலாம். ஈரச்சுவரில் எவ்வளவு விலை உயர்ந்த சாயம் பூசினாலும் மூன்று மாதத்தில் உரிந்து விழும். குளியலறைக் குழாய் கசிவா, கூரைத் தண்ணீரா, தரை ஈரமா என்று முதலில் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். சுவர் காய்ந்த பின் உரிந்ததைச் சுரண்டி, அடிப்பூச்சு கொடுத்துப் பிறகுதான் சாயம்.

பழைய வீடுகளின் உள்கூரைப் பலகைகள் சில ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டால் ஆனவை. அவற்றைத் துளையிடவோ தேய்க்கவோ உடைக்கவோ கூடாது, அதன் தூள் நுரையீரலுக்குப் பகை. அப்படியே விட்டு மேலே சாயம் மட்டும் பூசலாம்.

எவ்வளவு சாயம்? எட்டடிக்கு ஒன்பதடி இடத்தின் சுற்றளவு 34 அடி. சுவர் உயரம் பத்தடி என்றால் 340 சதுர அடி. கதவு, ஜன்னல், திறந்த வாசல் போக ஏறக்குறைய 290 சதுர அடி, அதாவது 27 சதுர மீட்டர். இரண்டு பூச்சுக்கு 54. ஒரு லிட்டர் சாயம் பத்து முதல் பன்னிரண்டு சதுர மீட்டர் பிடிக்கும். ஐந்து லிட்டர் டின் ஒன்று சரியாக இருக்கும். கடைக்காரர் இரண்டு டின் என்றால் இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

நிறத்தைப் பற்றி ஆளுக்கொரு கருத்து. லயத்தில் தீபாவளிக்கு முன் சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்தார்கள், அதுவும் ஒரு அழகுதான். சிறிய இடத்துக்கு வெளிர் நிறம் வெளிச்சத்தைப் பரப்பும். ஆனால் பிள்ளைகள் உள்ள வீட்டில் வெளிர் நிறத்தில் ஒரு வாரத்தில் குழம்புக் கறை. பழைய தோட்டத்து மருத்துவமனைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் செய்ததுபோல், தரையிலிருந்து மூன்றரை அடி வரை கொஞ்சம் அழுத்தமான நிறத்தில் கழுவக்கூடிய பளபளப்புச் சாயம், அதற்கு மேல் வெளிர் நிறம். நடுவில் ஒரு மெல்லிய மரச்சட்டம் அடித்தால் நாற்காலி இடித்துச் சுவர் பெயராது. வீட்டு அலங்காரப் புத்தகங்கள் இதற்குப் பெரிய பெரிய பெயர் வைத்திருக்கின்றன. தோட்டத்துக் கங்காணிக்கு அந்தப் பெயர் தெரியாது, ஆனால் செய்தார்.

காற்றும் வெளிச்சமும்

கெல்லி கோட்டையில் நுழைந்தவர்கள் உள்ளே வெயில் தெரியவில்லை என்பார்கள். தடித்த செங்கற்சுவர், வரிசையாக வளைவுகள், உயர்ந்த கூரை. மலிவு விலை வீட்டில் சுவர் மெல்லியது, கூரை தாழ்வு. அதனால் இருக்கும் காற்றை அடைக்காமல் இருப்பதே பெரிய விஷயம். குசினிப் பக்கம் உள்ள நாக்கோ ஜன்னல்களைச் சாமான் அடுக்கி மறைத்துவிடுகிறார்கள். அவற்றின் கண்ணாடிச் சட்டங்களைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி மாட்டினால் கூடமே மாறிவிடும். வீட்டின் பின்பக்கம் மேற்கு நோக்கியிருந்தால் மாலை வெயில் நேரே சாப்பாட்டு மேசைக்கு வரும். அங்கே ஒரு மூங்கில் தட்டி போதும்.

நடுச்சுவரை இடித்துக் குசினியையும் கூடத்தையும் ஒன்றாக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. தொடர்வீட்டில் எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஊராட்சி மன்றத்தின் அனுமதி இல்லாமல் இடிக்கக் கூடாது. குறைந்த செலவுத் திட்டத்தில் சுவர் இடிப்பதற்கு இடமே இல்லை.

விளக்கு விஷயத்தில் நம் வீடுகள் எல்லாம் மருந்துக்கடை மாதிரி. நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம். அதில் சாம்பார்கூடச் சாம்பல் நிறமாகத் தெரியும். 3000 கெல்வின் என்று அட்டையில் போட்ட மஞ்சள் கலந்த எல்.இ.டி. விளக்கை மாட்டிப் பாருங்கள். செலவு சில வெள்ளிதான், வித்தியாசம் அன்றிரவே தெரியும். மேசைக்கு மேல் தொங்கும் விளக்கு போட ஆசை என்றால் மேசையிலிருந்து 30 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான வீட்டில் அதே இடத்தில் மின்விசிறி சுற்றும். விசிறிக்கு மேலே விளக்கு இருந்தால் நிழல் வெட்டி வெட்டிக் கண்ணைக் கூசும். விசிறியை வைத்துக்கொண்டு சுவர்விளக்கு ஒன்று போடுவதே நம் சீதோஷ்ணத்துக்கு ஏற்றது. புதிய வயர் இழுப்பதானால் எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனைத்தான் கூப்பிட வேண்டும். தெரிந்த பையன் என்று கூப்பிட்டு வீட்டைப் பணயம் வைக்கக் கூடாது.

ஆயிரம் வெள்ளிக்குள்

ஆயிரம் வெள்ளி கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய நால்வர் மேசைக்கும் நாற்காலிக்கும் 250 ஒதுக்கலாம். பெஞ்சுக்குப் பலகையும் தச்சர் கூலியும் 150. சாயம், அடிப்பூச்சு, தூரிகை எல்லாம் 180. உப்புத்தாளும் வார்னிஷும் 80. விளக்கும் வயர்மேன் கூலியும் 120. மேசை விரிப்பு, திரைத்துணி 60. மொத்தம் 840. மிச்சம் 160-ஐத் தொடக்கூடாது, சுவரைச் சுரண்டும்போது எதிர்பாராமல் ஏதாவது வெளிவரும். கடைக்குக் கடை விலை மாறும், பங்கீடு மட்டும் இப்படி இருந்தால் எதிலும் கை மிஞ்சாது.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் கூடத்தைக் காலி செய்வது. இதற்குக் காசு செலவில்லை, ஆனால் இதுதான் கடினம். ஓராண்டாகத் தொடாத பொருளை எடுத்துப் போட வீட்டுப் பெரியவருக்கு மனம் வராது. பிறகு ஈரம், வயர், சாயம், கடைசியில் மேசை. மேசையை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு சாயம் அடித்தால் மேசையிலும் ஒரு பூச்சு விழும். தீபாவளிக்கு முந்திய மாதம் சாயக்காரரும் தச்சரும் கிடைக்கமாட்டார்கள், கிடைத்தாலும் கூலி ஏறியிருக்கும். தைப்பூசம் முடிந்த கையோடு தொடங்குவது நல்லது.

தொலைக்காட்சியை என்ன செய்வது? மேசையில் உட்கார்ந்தால் திரை தெரியாதபடி நாற்காலிகளைத் திருப்பிப் போடுவது ஒரு வழி. சில வீடுகளில் சாப்பிடும் அரை மணி நேரம் அணைத்துவைக்கிறார்கள். முதல் வாரம் பிள்ளைகள் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். கைப்பேசிக்கும் சேர்த்து அந்த விதியைப் போட்டால் அப்பாவும் முகத்தைத் தூக்கிக்கொள்வார்.

மேசை விரிப்பு பற்றி ஒரு சொல். பிளாஸ்டிக் விரிப்பு கழுவ எளிது. ஆனால் அதற்கு அடியில் ஈரம் தங்கி மரம் வெளுக்கும், வாரம் ஒரு முறையாவது எடுத்துக் காயவைக்க வேண்டும். சூடான சட்டியை நேரே வைத்தால் வார்னிஷில் வெள்ளை வளையம் விழும். கீழே வைக்க ஒரு பழைய ஓட்டுத்துண்டு போதும். பருத்தி விரிப்பில் மஞ்சள் கறை பட்டால் பயப்பட வேண்டாம். சவர்க்காரத்தில் அலசி நேர் வெயிலில் உலர்த்தினால், மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானே மங்கிவிடும். பத்து காஜாவில் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை.